பேராசிரியர் பாம்பான மாலை

எங்கள் கல்லூரி வேலப்பன்சாவடியைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நான் அங்கே வேதியியல் விரிவுரையாளர். என் கணவருக்கு ஆவடியில் தளவாடத் தொழிற்சாலையில் வேலை என்பதால் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். காலையில் ஆவடியில் ஒரு பஸ், பூந்தமல்லியில் இன்னொரு பஸ். இரண்டிலும் நின்றுகொண்டே போய், முதல் வகுப்பையும் நின்றுகொண்டே நடத்துவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறை. திருத்திய விடைத்தாள்களை ஒப்படைக்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். முதல்வர் அறையைக் கடக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேடம், ஒரு நிமிஷம். சிட்டியில ஒரு வாரம் ட்ரெய்னிங் நடக்குது. காலேஜ் வாத்தியாருங்க பொதுமக்கள்கிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்றாங்களாம். நீங்க போயிட்டு வாங்க."

"நான் கெமிஸ்ட்ரி சார். தமிழ்த் துறையில யாரையாவது அனுப்பினா நல்லா இருக்குமே."

"தமிழ்த் துறையில யாரும் இன்னிக்கு என் கண்ணுல படலையே" என்றார் முதல்வர்.

என்னுடைய தகுதி அவ்வளவுதான். அன்றைக்கு அவர் கண்ணில் பட்டேன்.

பயிற்சியை நடத்தியவர் வானொலியில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். முதல் நாளே அவர் சொன்னது: "உங்க பேச்சைக் கேக்க வந்தவங்க அடுப்புல குழம்பை வெச்சுட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டுப் பேசுங்க." எங்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதிக்கொண்டவள். அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது கல்லூரியில் படித்த ஐந்து வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தராதது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பது, சொல்ல வந்ததை முதலில் சொல்வது, கேள்வி கேட்டவரைக் குறுக்கிடாமல் கேட்பது. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்.

கல்லூரி திறந்ததும் முதல்வர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை எனக்கு எதிரே நாற்காலியை அவரே இழுத்துப் போட்டதால் ஏதோ பெரிய வேலை வருகிறது என்று புரிந்துவிட்டது.

"நீங்க கத்துக்கிட்டு வந்ததை நம்ம ஸ்டாஃபுக்கும் சொல்லிக் குடுங்க. சனிக்கிழமை மத்தியானம்."

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. கல்லூரிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரிடம் அவர் ஒருநாள் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் விகல்பமில்லாமல், "அந்தக் காம்பவுண்டுக்குள்ள இன்னா பண்றீங்கன்னே எங்களுக்குத் தெரில சார். காலைல போறீங்கோ, சாயங்காலம் வர்றீங்கோ" என்று சொல்லிவிட்டார். வயலாக இருந்த இடத்தில் கட்டடம் எழுப்பி, சுவர் வைத்து, இத்தனை வருடம் ஆகியும் பக்கத்துத் தெருவுக்கு நாங்கள் வெறும் காம்பவுண்டுதான். முதல்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் என்றால் எவருக்கும் இஷ்டமில்லாத நேரம். சாப்பாட்டுத் தூக்கத்தோடு எட்டோ பத்தோ பேர் வந்து உட்கார்ந்தார்கள். இயற்பியல், வணிகவியல், தமிழ், கணக்கு. கடைசி வரிசையில், நாளிதழை அகலமாக விரித்துப் பிடித்தபடி விலங்கியல் துறைத் தலைவர்.

அவரைப் பார்த்தால் எனக்கு அப்போதெல்லாம் உள்ளூர உதறல்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். அவர் வகுப்பு நடத்தினால் கீழ்த் தளத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துச் சோதனைக்குழாய்கள் அதிரும் என்று மாணவிகள் சொல்வார்கள். மீன்களின் உடலுக்குள் வாழும் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அந்தத் துறையில் அவர் எழுதியதை வெளிநாட்டுக்காரர்கள் படிப்பார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் அவரைப் பார்த்துப் பேசியதே இல்லை.

நான் ஒரு விதி வைத்தேன். ஒவ்வொருவராக முன்னால் வந்து அவரவர் பாடத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். புரியாத சொல் வந்தால் கேட்பவர் கை தூக்க வேண்டும். பேசுபவர் அதை விளக்கி முடிக்கும்வரை கை இறங்கக் கூடாது.

முதலில் வந்தது தமிழ் ஆசிரியை. தனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்ற நம்பிக்கையோடு தொடங்கியவர், யாப்பும் அணியும் தொடையுமாகச் சொல்லிக்கொண்டே போக, கைகள் முளைத்துவிட்டன. "தமிழ்லதானே பேசறேன்!" என்று அவர் திகைத்தார். "அதான் மேடம் புரியலை" என்றார் கணக்கு ஆசிரியர்.

அடுத்து விலங்கியல் தலைவர். நாளிதழை நான்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். ஹோஸ்ட், லார்வா, இன்டர்மீடியட் ஹோஸ்ட், லைஃப் சைக்கிள் என்று அடுக்கினார். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் எல்லாக் கைகளும் மேலே. வணிகவியல்காரர் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார்.

"இது காலேஜா, ஏலம் விடுற இடமா?" என்று கேட்டுவிட்டு அவர் போய் உட்கார்ந்துகொண்டார். நாளிதழ் மறுபடி விரிந்தது.

இன்னொரு சனிக்கிழமை நான் கொடுத்த பயிற்சி இன்னும் எளிமையானது. பக்கத்தில் இருப்பவரிடம் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் "தெரியாது" என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறொரு வார்த்தை சேர்க்கக் கூடாது. நம்ப மாட்டீர்கள், ஒருவராலும் முடியவில்லை. "அது வந்து... ஒரு விதத்துல பாத்தா..." என்று இழுத்தார் இயற்பியல்காரர். "புத்தகத்தைப் பாத்துச் சொல்றேன்" என்றார் கணக்கு. விலங்கியல் தலைவர் இடத்தை விட்டே எழுந்திருக்கவில்லை.

"மேடம், இருபது வருஷத்துக்கு மேல பாடம் நடத்தறேன். அந்த வார்த்தையை நான் கிளாஸ்ல சொன்னதில்லை. சொன்னா பசங்க தலைமேல ஏறி உக்காந்துடுவானுங்க."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் தைரியமும் எனக்கு இல்லை.

அந்த வருடம் நல்ல மழை. முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருந்து ஒரு பெண்மணி முதல்வரைப் பார்க்க வந்தார். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தொலைபேசி அலுவலகத்தில் வேலை. நேராக விஷயத்துக்கு வருகிற ஆள்.

"சார், எங்க பிளாக்குல கிரவுண்டு ஃப்ளோர் வீட்டுக்குள்ள எல்லாம் பாம்பு வருது. அது வயலா இருந்த இடம், பாம்புக்கு எங்க போறதுன்னு தெரியல. நம்ம ஜனங்களுக்கு அது இன்னா பாம்புன்னு தெரியல. எதைப் பாத்தாலும் அடிச்சுடறாங்க. போன வாரம் ஒருத்தரைக் கடிச்சுடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. நல்ல வேளை, அது விஷமில்லாத பாம்பு. உங்க காலேஜ்ல யாராவது வந்து நாலு வார்த்தை பேசுனா நல்லா இருக்கும்."

முதல்வர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத வெளிச்சம். காம்பவுண்டைத் தேடி ஒருவர் வந்துவிட்டார்! ஆள் அனுப்பி விலங்கியல் தலைவரை வரவழைத்தார். அவர் மறுக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் அந்தப் பெண்மணி எழுந்து நின்று, "சார், நீங்கதான் பாம்பு வாத்தியாரா? நீங்க வந்தா எங்களுக்குப் பெரிய உதவி" என்று கைகூப்பியபோது, மீன் புழுக்காரர் தான் பாம்பு வாத்தியார் இல்லை என்று சொல்ல முடியாமல் தலையாட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவரும் நானும் போனோம். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து, நாற்காலிகள் போட்டு, மைக்கும் வைத்திருந்தார்கள். நல்ல கூட்டம். இவர் எழுந்து, "ஊர்வன வகுப்பைச் சேர்ந்த, குளிர் ரத்தப் பிராணிகளாகிய..." என்று ஆரம்பித்தார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து மெதுவாகக் கை தூக்கிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நெடுநேரம் வகைப்பாட்டைச் சொன்னார். குழந்தைகள் நெளிந்தன. பெரியவர்கள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள்.

அப்போது தெருமுனையில் ஒரு ஹாரன்.

"தண்ணி லாரி!" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த கணம் ஜமுக்காளம் காலி. மாடிப்படிகளில் தடதடவென்று ஓடும் சத்தம், பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். செயலாளர் அம்மாவே, "சாரி சார், ரெண்டு நாளா லாரி வரல சார்" என்று சொல்லிக்கொண்டே குடத்தோடு ஓடிவிட்டார். மைக்கின் முன்னால் இவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கீழே ஜமுக்காளத்தில் நானும், தூங்கிப்போன ஒரு கைக்குழந்தையும். குழந்தையின் அம்மா பாதி வழியில் நினைவு வந்து திரும்ப ஓடிவந்து அதையும் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்புவதற்கு பஸ் ஏறினோம். இதோடு பயிற்சியும் முடிந்தது, என் மானமும் போயிற்று என்று நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் திருப்பம் ஒன்றில் ஆடியபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், அடுத்த தடவை தண்ணி லாரி என்னிக்கு வருதுன்னு முதல்ல கேட்டு வெச்சுக்குங்க."

"அடுத்த தடவையா சார்?"

"பாதியில விட்டுட்டு வர முடியுமா? அந்தம்மா சொன்னது சரி. கடிச்சதுக்கு அப்புறம் மந்திரிக்கப் போறாங்கன்னா அது உயிர் போற விஷயம். நான் அங்க போய் கிளாஸிஃபிகேஷன் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாளில் இருந்து அவர் மதிய இடைவேளையில் எங்கள் துறைக்கு வர ஆரம்பித்தார். கதவைச் சாத்திக்கொண்டு என் முன்னால் பேசிக் காட்டுவார். நான் கை தூக்குவேன். முதலில் பல்லைக் கடித்தார். பிறகு பழகிவிட்டது. 'குளிர் ரத்தப் பிராணி' என்பது போய், "வெயில் காஞ்சாத்தான் அதுக்குச் சுறுசுறுப்பு வரும்" என்று ஆனது. எங்கள் ஆய்வக உதவியாளர் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, பெரிய சாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கல்லூரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்குச் செயலாளர் அம்மா எல்லாம் சரியாகச் செய்தார். லாரி வராத நாள், வெயில் தாழ்ந்த நேரம். பந்தல்காரரிடம் சொல்லிப் பலகை மேடை போடவைத்தார். அறிவிப்பு செய்ய ஒரு ஆட்டோவும் அமர்த்தினார். அந்த ஆட்டோ விஷயத்தில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அது எதிரில் வந்தது. கூரையில் குழாய் ஒலிபெருக்கி. உள்ளேயிருந்த ஆள் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார்.

"வாங்கோ வாங்கோ! காலேஜ் புரொபசர் வந்துகினு கீறாரு! நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், அல்லாம் உங்க கண்ணு முன்னாடி! பார்க்கத் தவறாதீங்கோ!"

பேராசிரியர் நடுச்சாலையில் நின்றுவிட்டார். "என்ன மேடம் சொல்றான் இவன்?"

மைதானத்தை அடைந்தோம். முதல் கூட்டத்தைப் போலப் பல மடங்கு ஜனம். பக்கத்துக் காலனிகளில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மொட்டைமாடிச் சுவர்களில் ஆட்கள். குழந்தைகள் மேடையை ஒட்டி முண்டியடித்துக்கொண்டு, இவர் கையில் இருந்த தோல்பையையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடும் ஒரு நாளிதழும்தான் இருந்தன.

மேடையேறியதும் முன்னால் இருந்த ஒருவர் எழுந்தார். கைலியும் பனியனுமாக, பொறுமை இழந்த முகம்.

"இன்னா நைனா, பாம்பு எங்க கீது?"

"பாம்பு இல்லீங்க. பாம்பைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்."

"பேசவா? ஆட்டோல காட்றேன்னு சொன்னாங்கோ. புள்ளைங்கள இட்டுகினு அம்பத்தூர்லேர்ந்து வந்துகீறேன்!"

கூட்டத்தில் சலசலப்பு. பின்வரிசையில் ஒருசிலர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். செயலாளர் அம்மா மைக்கைப் பிடித்துச் சமாதானம் சொல்லப் போனார். பயிற்சியில் இப்படி ஒரு நிலைமையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

பேராசிரியர் மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டத்தை ஒரு முறை பார்த்தார்.

"பாம்பு வேணுமா உங்களுக்கு?"

"ஆமா!" என்று குழந்தைகள் ஒரே குரலில் கத்தின.

"சரி. நான்தான் பாம்பு" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மைக்கைச் செயலாளர் அம்மாவிடம் கொடுத்தார். பிறகு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் பேன்ட்டுமாக, அந்தப் பலகை மேடையில் குப்புறப் படுத்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தாடையைப் பலகையில் பதித்தார்.

ஜனம் அப்படியே அமைதியாகிவிட்டது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் சத்தம் போடுங்க! என்னைப் பயமுறுத்துங்க!" என்றார் படுத்தபடியே. மைக் தேவைப்படவில்லை. அந்தக் குரலுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக நன்றி சொன்னேன்.

மைதானமே கத்தியது. விசில் பறந்தது. இவர் அசையவில்லை.

"பாம்புக்கு வெளியில காது கிடையாது. நீங்க கத்தினா அது பெருசா கண்டுக்காது. இப்ப நான் கண்ணை மூடிக்கிறேன். பாம்பால கண்ணை மூட முடியாது, அதுக்கு இமையே இல்ல. ஆனா நான் ஏமாத்தலைன்னு உங்களுக்குத் தெரியணுமில்ல? யாராவது சத்தமில்லாம மேடைமேல ஏறி நடங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்."

அம்பத்தூர்க்காரரே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பூனைபோல இடது ஓரத்தில் இரண்டடி வைத்தார். பலகை லேசாக அதிர்ந்திருக்க வேண்டும். இவர் தலை மெல்ல மேலெழும்பி, சரியாக அந்தப் பக்கம் திரும்பி, "உஸ்ஸ்ஸ்!" என்றது. அம்பத்தூர்க்காரர், "அடங்கொப்புரானே!" என்று மேடையில் இருந்து குதித்தார். சிரிப்பு அலை மாடிகள் வரை போயிற்று.

"தாடை எலும்பு வழியாத்தான் அது தரையைக் கேக்குது. அதனால இருட்டுல போனா காலை நல்லாத் தட்டி நடங்க. அதுவே விலகிப் போயிடும். அதுக்கு உங்களைக் கடிக்கணும்னு வேண்டுதல் ஒண்ணும் இல்ல."

"அப்போ மகுடிக்கு எப்டி சார் ஆடுது?" என்று ஒரு பெண் கேட்டார்.

இவர் எழுந்து உட்கார்ந்தார். பையில் இருந்த நாளிதழைச் சுருட்டிச் செயலாளர் அம்மாவிடம் கொடுத்தார். "ஊத வேணாம். சும்மா என் மூஞ்சிக்கு முன்னால ஆட்டுங்க." அந்த அம்மா கூச்சத்தோடு ஆட்ட, இவர் படமெடுத்த பாம்பாக இரண்டு கைகளையும் காதோரம் விரித்து, தாளின் போக்கிலேயே ஆடினார். அந்த அம்மா நிறுத்தினால் இவரும் நின்றார். வேகமாக ஆட்டினால் வேகமாக ஆடினார். "பாட்டுக்கு ஆடலை. எப்ப அடிப்பானோன்னு குழாயையே பாத்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவர் எது சொன்னாலும் கேட்கும் மனநிலையில் இருந்தார்கள். சாரைப்பாம்பு எலியைத் தின்னும், விஷம் கிடையாது, விட்டுவிடுங்கள் என்றார். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலிகூடத் தெரியாது, அதனால் கட்டிலில் படுங்கள் என்றார். கடித்தால் பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதை மூன்று விதமாகச் சொல்லி, கூட்டத்தையே திருப்பிச் சொல்லவைத்தார்.

கேள்விகள் ஓயவில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்குமாமே என்று ஒருவர் கேட்டார். "அது பாவம், பல்லியும் தவளையும் தின்கிற சாது. சுடுகாட்டுல அதுக்கு என்ன வேலை?" என்றார். தன் அம்மா வீட்டில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறார்களே, தப்பா என்று ஒரு பெண் தயங்கிக் கேட்டார். கூட்டம் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தது. "கும்பிடறது தப்பே இல்லம்மா. கும்பிடறவங்க அதை அடிக்க மாட்டாங்க. பால் மட்டும் அதுக்குச் சேராது. பூ வெச்சுட்டு வாங்க, போதும்" என்றார். அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது.

கடைசியாக ஒரு நடுத்தர வயதுப் பெண் எழுந்தார்.

"சார், பாம்புக்கு இமை இல்லன்னு சொன்னீங்கோ. கண்ணைத் தொறந்துகினேதான் தூங்குமா?"

"ஆமாம்மா."

"அப்டி தூங்கறப்ப அதுக்குக் கனவு வருமா சார்?"

இவர் வாயைத் திறந்தார். மூடினார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் என் கையில் இருந்த அவருடைய கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாது" என்றார்.

வேறு எதுவும் சேர்க்கவில்லை. ஒரு கணம் கழித்து, அந்தப் பெண்ணுக்கு அளவில்லாத சந்தோஷம். "அய்ய, சாருக்கே தெரில!" என்று பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டிச் சிரித்தார். கூட்டம் கைதட்டியது. யாரும் அவர் தலைமேல் ஏறவில்லை. மாறாக, அரை டஜன் பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு தத்தம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்லி மல்லுக்கு நின்றார்கள். சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பலகைத் தூசியோடு அவர் மூன்று வீடுகளில் காப்பி குடித்தார்.

திங்கட்கிழமை முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கல்லூரியின் மானத்தை மேடையில் உருட்டிவிட்டார்கள் என்று யாரோ புகார் சொல்லியிருந்தார்கள்.

"தரையில படுத்தீங்களாமே சார்?"

"பலகைமேல படுத்தேன் சார்" என்று திருத்தினார் பேராசிரியர்.

முதல்வர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, "காலைல அந்த டீக்கடைக்காரர் என்னை நிறுத்திக் கேட்டார். பாம்பு சார் உங்க காலேஜ்தானான்னு" என்றார். குரலில் பெருமை வழிந்தது. "எங்க மச்சான் முகப்பேர்ல கீறான், அவன் சொன்னான்னு சொல்றார்."

அத்தோடு புகார் முடிந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைப் பயிற்சிக்கு உட்கார இடம் இல்லை. அடுத்த வருடம் பக்கத்துக் கல்லூரிகளில் இருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். பேராசிரியரும் நானும் சேர்ந்து நடத்தினோம். புதிதாக வருபவர்கள் கூச்சப்பட்டால், "நான் படுத்தேன் சார், நீங்க நிக்கக் கூடாதா?" என்பார் அவர். வணிகவியல்காரர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் வங்கிக் கணக்கு தொடங்குவதைப் பற்றிப் பேசினார். தமிழ் ஆசிரியை திருமழிசைப் பெண்களிடம் அவர்களுடைய தாலாட்டுகளைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் கேட்டார். "எல்லாரையும் அனுப்பறீங்களே மேடம், நீங்க எப்போ போகப்போறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு தெருவிலும் பேசியதில்லை. பேசுகிறவர்கள் பக்கத்தில் நின்று கண்ணாடியும் பையும் பிடித்துக்கொண்டிருந்ததோடு சரி.

திருமழிசையில் ஒரு தெருவில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று தமிழ் ஆசிரியையிடம் பெண்கள் சொல்லியிருந்தார்கள். வேதியியல் ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு மாலை கிளம்பிப் போனேன். வேப்ப மரத்தடியில் இருபது பெண்கள். எழுந்து நின்றதும் தயார் செய்த முதல் வாக்கியம் மறந்துபோனது. இரண்டாவதும் மறந்துபோனது. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றேன்.

முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாத்துக்குமா நின்னுகினு கஷ்டப்படறே? இப்டி ஒக்காரு. மொள்ளமா சொல்லு. நாங்க எங்க போயிடப்போறோம்?"

அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். கீரைக் கட்டில் பாதியை என் மடியில் வைத்தார். நானும் ஆய ஆரம்பித்தேன். தண்ணீரில் சுண்ணாம்பு கலந்திருந்தால் பருப்பு ஏன் மக்கர் பண்ணுகிறது, கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எது என்று வாய் தன்னால் பேசியது. ஒருத்தி தன் வீட்டு அலுமினியக் குண்டானையே எடுத்துவந்து அடியைக் காட்டினாள். இன்னொருத்தி, தான் ஆப்ப சோடா போடுவதாகச் சொன்னாள். அது சரியா, எவ்வளவு போடலாம், ருசி கெடுமா என்று வாக்குவாதம் கிளம்பி, நான் பேசவே இடம் இல்லாமல் போயிற்று. கீரை முழுக்க ஆய்ந்து முடித்த பிறகுதான் எனக்கு நேரம் ஆனதே தெரிந்தது.

கிளம்பும்போது அவரவர் வீட்டுத் தண்ணீரை என் ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லச் சொல்லி ஆளுக்கொரு பாட்டிலை நீட்டினார்கள். நல்லெண்ணெய் பாட்டில், டானிக் பாட்டில், மூடி இல்லாததற்குத் துணி அடைத்த பாட்டில். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு பைகள் நிறையத் தண்ணீரோடு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினேன். எடுத்துவைக்கும் அடிக்கெல்லாம் பைகள் கிணுகிணுத்தன.

கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஊட்ல தண்ணி வரலியா?"

"வருதுங்க. இது வேற வீட்டுத் தண்ணி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி பூந்தமல்லி போய்ச் சேருவதற்குள் புரியவைத்துவிடலாம் என்று பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.